குளிர்காலத்தில் சோமாலி வீட்டுடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவின் மேற்குப் பகுதியில், டிக்சன் சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் சோமாலிக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அந்தப் பக்கத்தில் தையல் வேலை பார்ப்பதால் சோமாலிப் பெண்களின் வீட்டுடைகளான பாத்தியும் கொர்கொரத்தும் கர்பசாரும் தினமும் என் கையில் புழங்குகின்றன. டிசம்பர் பிறந்ததும் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பாதி சோமாலிப் பெண்களிடமிருந்து வருபவை. மீதி, அவர்களிடம் ஒரு பாத்தியைப் பரிசாக வாங்கிக்கொண்டு, இதை இந்தக் குளிரில் எப்படி உடுத்துவது என்று வந்து நிற்கும் தமிழ்ப் பெண்களுடையவை. எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சோமாலி வீட்டுடை என்றால் என்னென்ன?

பெண்களுக்குப் பாத்தி. கணுக்கால் வரை தொளதொளவென்று இறங்கும் நீண்ட அங்கி அது. துணியை இரண்டாக மடித்து, கழுத்துக்குத் திறப்பு வெட்டி, கைக்கு இடம் விட்டுப் பக்கவாட்டில் தைத்தால் பாத்தி தயார். அதனால்தான் ஒரே அளவு பெரும்பாலானவர்களுக்குப் பொருந்திவிடுகிறது. நம் வீடுகளில் நைட்டிக்கு இருக்கிற இடம்தான் அவர்கள் வீட்டில் பாத்திக்கு. சமைப்பது, படுப்பது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பது எல்லாம் அதில்தான். அழைப்புமணி அடித்தால் மேலே ஒரு துணியைப் போட்டுக்கொண்டு கதவைத் திறப்பதும் அதே பழக்கம்தான்.

அந்த மேல்துணிதான் கர்பசார், தோளையும் மார்பையும் மூடும் அகலமான சால்வை. பாத்திக்கு உள்ளே கட்டும் உள்பாவாடை கொர்கொரத். தலையில் கட்டுவது ஷாஷ். மணமான பெண்ணுக்கு உரியதாக வழிவழியாக வந்த துணி. ஆண்களுக்கு மஅவீஸ், அதாவது நம்முடைய கைலி. சோமாலியாவில் மட்டும் இல்லை, ஜிபூத்தியிலும் எத்தியோப்பியாவின் சோமாலிப் பகுதியிலும் கென்யாவின் வடகிழக்கிலும் வீட்டுக்குள் இதே உடைகள்தான்.

பாத்தியும் திராவும் ஒன்றா?

இல்லை. வெட்டு ஏறக்குறைய ஒன்று, வேலை வேறு. திரா என்பது கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் உடுத்துவது. உள்ளே இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லிய துணி, அதனாலேயே கீழே பளபளக்கும் கொர்கொரத். பாத்தி வீட்டுக்கு, சற்றுத் தடித்த துணியில். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதெல்லாம் பாத்தியைப் பற்றித்தான். திராவைக் கதகதப்பான உடையாக மாற்ற முயலாதீர்கள், அதன் அழகே போய்விடும்.

வெயில் நாட்டு உடையைப் பனிநாட்டில் உடுத்துவது சரிவருமா?

வரும். வெயிலுக்கான உடை என்பதுகூட முழு உண்மை இல்லை. சோமாலியாவின் தலைநகர் மொகதிஷு கடற்கரை நகரம். ஆண்டு முழுவதும் சராசரி வெப்பம் 27 டிகிரியை ஒட்டியே இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை நீளும் ஜீலால் பருவம் அங்கே மழையற்ற வறட்சிக் காலம். ஆனால் வடக்கே ஹர்கேய்சா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே சால்வை இல்லாமல் வெளியில் உட்கார முடியாது. ஆக, மெல்லிய அங்கிக்கு மேல் கனத்த துணியைப் போர்த்தும் பழக்கம் வெளிநாட்டுக்கு வந்த பிறகு பிறந்தது இல்லை.

இன்னும் பழைய சான்றும் உண்டு. 1331இல் மொகதிஷுவுக்கு வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதாவுக்கு அங்கே ஓர் உடைத் தொகுதி பரிசாகக் கிடைத்தது. இடுப்பில் கட்டப் பட்டுத்துணி, அதற்கு மேல் எகிப்திய லினனில் கரைவைத்த சட்டை, அதற்கும் மேல் உரோமம் வைத்த மேலங்கி, தலைக்கு எகிப்தியத் தலைப்பாகை. ஒன்றன் மேல் ஒன்றாக உடுத்துவது அன்றைக்கே மரியாதையான உடையாக இருந்திருக்கிறது. அந்த நகரத்தில் நெய்த துணி எகிப்துக்கும் பிற நாடுகளுக்கும் போனதாக அவரே எழுதியிருக்கிறார்.

1991இல் சோமாலியாவில் அரசு கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு லட்சக்கணக்கானவர்கள் வெளியேறினார்கள். மினியாபொலிஸ், டொராண்டோ, லண்டன், ஸ்டாக்ஹோம், ஒஸ்லோ என்று அவர்கள் போய்ச் சேர்ந்த பல ஊர்கள் கடுங்குளிர் ஊர்கள். மினியாபொலிஸில் ஜனவரி இரவின் சராசரி உறைநிலைக்குக் கீழே 13 டிகிரி. அந்த ஊரின் கார்மெல் மால் முழுக்கச் சோமாலிக் கடைகள். வெளியே பனி கொட்டும்போதும் உள்ளே வரிசையாகப் பாத்திகள் தொங்கும். இந்த உடையை விட்டுவிட வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

சரி, பாத்தி போட்டால் ஏன் இவ்வளவு குளிர்கிறது?

உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும் காற்று மேலே ஏறும். பாத்தியின் கீழ்ப்பக்கம் முழுவதும் திறப்பு, மேலே அகலமான கழுத்து. கீழே குளிர்ந்த காற்று நுழையும், மேலே சூடான காற்று வெளியேறும். வெயிலில் இது சுகம், அதற்காகத்தான் அந்த வெட்டு. குளிரில் அதே ஓட்டம் எதிரியாகிவிடுகிறது.

பலரும் இதற்குக் கனமான துணியில் பாத்தி தைக்கச் சொல்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். துணி எவ்வளவு கனமானாலும் கீழும் மேலும் திறந்தே இருந்தால் காற்று போய்க்கொண்டேதான் இருக்கும். பாத்தியைப் பாத்தியாகவே விடுங்கள். கீழ்வாயைக் கொர்கொரத்தாலும் காலோடு ஒட்டிய உடையாலும் அடையுங்கள், மேல்வாயைக் கர்பசாரால் அடையுங்கள். இரண்டும் அடைபட்டதும், அதுவரை குளிரைக் கொண்டுவந்த அதே தொளதொளப்பு வெதுவெதுப்பான காற்றைப் பிடித்துவைக்கத் தொடங்கும்.

உள்ளே என்ன போட்டால் சரியாக இருக்கும்?

முதலில் கால். கணுக்கால் வரை வரும் ஒட்டுக் கால்சட்டை ஒன்று போதும். வீட்டுக்குள் 20, 21 டிகிரி இருந்தால் பருத்தி ஜெர்சியில் போட்டாலே தாங்கும். 18 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளில், குறிப்பாக இங்கிலாந்தின் பழைய வீடுகளில், மெல்லிய மெரினோ கம்பளி நல்லது. உள்பக்கம் பஞ்சுபோல் சிலிர்த்த ஃப்ளீஸ் கால்சட்டைகளும் கிடைக்கின்றன. ஆனால் அடுப்படியில் நிற்கும்போது அவை வியர்க்க வைக்கும். வியர்வை காய்ந்தால் முன்னைவிட அதிகமாகக் குளிரும். நாள் முழுக்க வீட்டில் வேலை செய்பவருக்கு மெல்லியதே மேல்.

அப்புறம் கொர்கொரத். நான் மிகவும் விரும்பித் தைப்பது இது. கடையில் வருபவை பெரும்பாலும் வழவழப்பான சாட்டின் துணியில், கீழே லேஸ் வைத்து, இடுப்பில் நாடாவோடு வரும். பார்க்க அழகு, தொட்டால் சில்லென்று இருக்கும். காலையில் குளிர்ந்த அறையில் அதைக் கட்டும் அந்த ஒரு நொடிக்குப் பயந்தே பலர் கொர்கொரத்தை விட்டுவிடுகிறார்கள். அதனால் இடுப்பிலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை மெல்லிய ஃப்ளானல் பருத்தியில் தைத்து, கடைசி ஒரு சாண் மட்டும் சாட்டினும் லேஸும் வைத்துத் தருகிறேன். வெளியே தெரிவது அந்தக் கடைசிச் சாண் மட்டும்தானே. பழைய கொர்கொரத்தின் கரையை வெட்டி எடுத்தும் இப்படிச் செய்யலாம். இடுப்பில் ரப்பர் பட்டை வைப்பதைவிட நாடா நல்லது. உள்ளே கால்சட்டையின் பட்டையும் இருப்பதால் இரண்டு ரப்பர் ஒன்றன் மேல் ஒன்று இறுக்கினால் சாயங்காலம் வயிற்றில் தழும்பு விழும்.

மேலே, உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை. பாத்தியின் கழுத்து அகலம் என்பதால் உள்சட்டையின் விளிம்பு எட்டிப் பார்க்கும். அதை மறைக்கப் போராடாமல் காட்டுவதற்கென்றே தேர்ந்தெடுங்கள். கொர்கொரத்தின் நிறத்தில் ஓர் உயர்கழுத்துச் சட்டை போட்டால், மேலே தெரியும் நிறமும் கீழே தெரியும் கரையும் ஒன்றாகி, திட்டமிட்டு உடுத்தியது போலவே இருக்கும். வெளிர் நிறப் பாத்திக்குள் கறுப்புச் சட்டை போட்டால் நிழலாகத் தெரியும். தோலின் நிறத்துக்கு நெருங்கிய பழுப்பு அங்கே கைகொடுக்கும்.

காலுக்குக் கம்பளி உறை. தரைமெத்தைகளில் வட்டமாக உட்காரும் அறை பல சோமாலி வீடுகளில் உண்டு. குளிர் தரையிலிருந்து நேராக ஏறுவதால் மெத்தைக்குக் கீழே ஒரு தடித்த கம்பளம் விரித்தால் உடையில் ஓர் அடுக்கைக் குறைக்கலாம்.

எந்தத் துணியில் பாத்தி வாங்குவது?

கடையில் பெரும்பாலும் பருத்தி, விஸ்கோஸ், பாலியெஸ்டர், இவற்றின் கலவைகள் கிடைக்கும். துபாய் வழியாகவும் நைரோபியின் ஈஸ்ட்லீ சந்தை வழியாகவும் வருபவை நிறைய. பூவேலையைப் பார்ப்பதற்கு முன் துணியைக் கசக்கிப் பாருங்கள்.

பருத்தி கசங்கும், ஆனால் மூச்சு விடும். தோலில் ஒட்டாது, மின்னாது. குளிர்கால வீட்டில் நாள் முழுக்க உடுத்த என் முதல் தேர்வு இதுதான். ‘வாயில்’ (voile) எனப்படும் மிக மெல்லிய பருத்தி மட்டும் வேண்டாம். கொஞ்சம் நெருக்கமாக நெய்ததாகப் பாருங்கள்.

விஸ்கோஸ் நீர்போல விழும். இதைப் போல் அழகாக இறங்கும் துணி இந்த விலையில் வேறு கிடையாது. ஆனால் உடுத்தும்போது சில்லென்றிருக்கும், ஈரத்தை நன்றாக உறிஞ்சும், நனைந்தால் வலுவிழக்கும். ஈரக் கையைப் பாத்தியில் துடைக்கும் பழக்கம் இருந்தால் வயிற்றுப் பக்கம் ஈரம் நின்று குளிரும். விருந்தாளி வரும் மாலைக்கு விஸ்கோஸ், வேலை நாளுக்குப் பருத்தி என்று பிரித்துக்கொள்வது நல்லது.

பாலியெஸ்டர் கசங்காது, சீக்கிரம் காயும், சாயம் போகாது. குளிர்காலத்தில் அதன் தொல்லை நிலைமின்சாரம். அடுத்த கேள்வியில் சொல்கிறேன். சமையலறைக்கு அது ஆகவே ஆகாது. தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

வெல்வெட்டில் தைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கூடுகைகளுக்கு நன்றாக இருக்கும். தினமும் உடுத்த அதன் கனம் தோளை இழுக்கும். ஃப்ளானலில் முழுப் பாத்தி தைத்தால் மடிப்புகள் விழாமல் கூடாரம்போல் விறைத்து நிற்கும். ஃப்ளானலுக்கு உரிய இடம் உள்ளே.

நடக்கும்போது பாத்தி காலோடு ஒட்டிக்கொண்டு படபடவென்று பொரிகிறது. என்ன செய்வது?

ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டுவிடும். ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் துணியில் சேரும் மின்னூட்டத்துக்கு வெளியேற வழி இருக்காது. இதில் எந்தத் துணி எதோடு உரசுகிறது என்பதும் முக்கியம். கம்பளியும் நைலானும் ஒரு பக்கத்து மின்னூட்டத்தை ஏற்கும், பாலியெஸ்டர் எதிர்ப்பக்கத்து மின்னூட்டத்தை ஏற்கும். கதகதப்புக்காக மெரினோ கால்சட்டையை மாட்டிக்கொண்டு அதன்மேல் நேராகப் பாலியெஸ்டர் பாத்தியைப் போட்டால் பொறி பறப்பதற்கு வேண்டிய எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டோம் என்று பொருள். நடுவில் பருத்திக் கொர்கொரத் ஒன்று வந்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

காலுக்கு எண்ணெய் அல்லது க்ரீம் தடவிக்கொள்வது உதவும், வறண்ட தோலுக்கும் நல்லது. பாத்தியை உலோக ஹேங்கரில் மாட்டி வையுங்கள். ஈரத் துணிகளை அறைக்குள்ளேயே கொடியில் காயப்போட்டால் காற்றின் ஈரப்பதம் கொஞ்சம் ஏறும். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியத் தொடங்கினால் அது அளவுக்கு மீறிவிட்டது. சுவரில் பூஞ்சை பிடிக்கும். 40 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும்.

கர்பசாரைக் குளிருக்கு ஏற்றபடி எப்படிப் போடுவது?

பாத்தியோடு சேர்த்து விற்கும் கர்பசார் பெரும்பாலும் அதே பூவேலை கொண்ட மெல்லிய துணி. அதைத் தூக்கிப்போட வேண்டாம். அதே நிறச் சாயலில் மெல்லிய கம்பளி சால்வை ஒன்று வாங்கி இரண்டையும் சேர்த்து மடித்து, கம்பளி உள்ளேயும் பூவேலை வெளியேயும் வரும்படி போட்டுக்கொள்ளுங்கள். வேலை செய்யும்போது முனைகள் நழுவுவதுதான் தொந்தரவு. ஒரு முனையை முன்னால் விட்டு, இன்னொன்றைக் கழுத்தைச் சுற்றி எதிர்த்தோளில் போட்டு, தோளில் ஒரு புரோச் குத்தினால் கை இரண்டும் விடுதலை. கழுத்துத் திறப்பும் மூடிக்கொள்ளும்.

ஷாஷும் கதகதப்புக்கு உதவும். பட்டுப்போன்ற துணி முடிக்கு நல்லது. பருத்தி முடியின் ஈரத்தை உறிஞ்சிவிடும். வறண்ட காற்றில் பின்னிய முடி உடையாமலிருக்கப் பலர் இரவிலும் கட்டிக்கொண்டே தூங்குகிறார்கள்.

இத்தனை அடுக்கு போட்டால் உருவமே தெரியாமல் மூட்டைபோல் ஆகிவிடாதா?

உள்ளடுக்குகள் மெல்லியவையாகவும் உடம்போடு ஒட்டியவையாகவும் இருந்தால் ஆகாது. பாத்தியின் அழகு அது விழும் விதத்தில் இருக்கிறது, உள்ளே புடைப்பு இருந்தால்தான் கெடும். பாத்திக்குள் ஸ்வெட்டர் போடுவதை மட்டும் தவிருங்கள்.

சோமாலிப் பெண்களின் ஓர் அழகான பழக்கம், பாத்தியின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொர்கொரத்தின் இடுப்பில் செருகிக்கொள்வது. கீழே லேஸ் கரை வெளியே தெரியும், நடை இலகுவாகும், இடுப்பும் தெரியும். குளிர்காலத்தில் இது இன்னும் பொருத்தம், ஏனென்றால் செருகிய இடத்தில் துணி இரட்டையாகி வயிற்றுக்குச் சூடு தரும். மேலே போட ஒன்று வேண்டுமென்றால் இடுப்போடு நிற்கும் குட்டைக் கார்டிகன் எடுங்கள். தொடைவரை இறங்கும் நீளக் கார்டிகன் பாத்தியின் மடிப்புகளை நசுக்கிவிடும்.

நிறத்தில் என் கருத்து: குளிர்காலம் என்பதற்காகச் சாம்பலுக்கும் கறுப்புக்கும் ஓடாதீர்கள். மஞ்சள், கரும்பச்சை, மாதுளைச் சிவப்பு, பெரிய பூக்கள் என்று தயங்காமல் உடுத்தும் மக்களின் உடை இது. நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் அந்த நிறங்கள் வீட்டுக்குள் இருப்பது மனசுக்கு எவ்வளவு நல்லது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பாத்தியில் பூவேலை பெரிதாக இருந்தால் கார்டிகனும் காலுறையும் ஒரே நிறத்தில், அந்தப் பூவின் நிறங்களில் ஒன்றாக இருக்கட்டும்.

குந்தீனோவைக் குளிரில் கட்டலாமா?

குந்தீனோ ஒரு தோளில் முடிந்து உடம்பைச் சுற்றி இடுப்பில் சுருக்கிக் கட்டும் நீண்ட துணி. பழைய வழக்கப்படி அலிந்தி என்னும் கோடுபோட்ட கைத்தறித் துணியில் கட்டுவார்கள். இப்போது வீட்டில் தினமும் கட்டுபவர்கள் குறைவு, பெரும்பாலும் கலைவிழாவிலும் கல்யாணத்திலும் பார்க்கலாம். ஒரு தோள் திறந்திருப்பதால் உள்ளே முழுக்கைச் சட்டை போட்டுத்தான் கட்ட வேண்டும். அலிந்தியின் கோடுகளில் உள்ள ஒரு நிறத்தில் அந்தச் சட்டை இருந்தால் நன்றாகவே இருக்கும்.

ஆண்களுக்கு?

மஅவீஸ் கட்டத் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உள்ளே தெர்மல் கால்சட்டை, மேலே முழுக்கை பனியன், தலையில் பூவேலை போட்ட கோஃபியத் தொப்பி. வழுக்கும் பாலியெஸ்டர் மஅவீஸ் தெர்மல் மேல் நிற்காது, அவிழ்ந்துவிடும். பருத்தியாக இருக்கட்டும், அல்லது இடுப்பில் பெல்ட் போடுங்கள். மடித்துக்கட்டும் பழக்கத்தை மார்ச் வரை தள்ளிவைக்கலாம்.

பாத்தியோடு வெளியே போகலாமா?

குப்பை போட, பிள்ளையைப் பள்ளியில் விட, பக்கத்துக் கடைக்கு என்று பலர் பாத்தியின் மேலேயே உடம்பை மூடும் அபாயாவையோ ஜில்பாபையோ போட்டுக்கொண்டு, அதன்மேல் கோட்டும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தாராளமாகப் போகலாம். கோட்டு முழங்காலுக்குக் கீழே வருவதாக இருக்கட்டும். தொல்லை கீழ்விளிம்பில்தான். பனியில் நனைந்த விளிம்பு ஈரத்தை மேலே இழுத்துக்கொண்டே போகும், உள்ளே வந்த பிறகும் கணுக்காலைச் சுற்றி ஐஸ் வைத்தது போல இருக்கும். கதவைத் தாண்டுவதற்கு முன் விளிம்பைத் தூக்கி இடுப்பு நாடாவில் செருகிக்கொள்ளுங்கள். காரில் ஏறும்போது துணி கதவில் சிக்காமலும், நகரும் படிக்கட்டில் விளிம்பு மாட்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடைபாதையில் தூவும் உப்பு விளிம்பில் வெள்ளைக் கோடாகப் படியும். அன்றைக்கே வெதுவெதுப்பான நீரில் அலசினால் போய்விடும். காய்ந்து பழகிய கறைக்கு நீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர் கலந்து துடைக்கலாம்.

சமையல், ஹீட்டர், ஊன்ஸி: கவனிக்க வேண்டியது என்ன?

இந்தப் பதிலை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

பாத்தியின் அகலமான கைப்பகுதி காஸ் அடுப்பின் சுடர்மேல் தாழும்போது நமக்குத் தெரியாது. சமைக்கும்போது கைப்பகுதியைச் சுருட்டி மேலே பின் குத்துங்கள், அல்லது உள்சட்டையின் கையோடு சேர்த்து ஒரு ரப்பர் பட்டை போடுங்கள். கர்பசாரின் முனையைத் தொங்கவிடாதீர்கள். கையால் நகர்த்தும் மின்ஹீட்டருக்கும் துணிக்கும் இடையே குறைந்தது 1 மீட்டர் இடைவெளி வேண்டும். குளிர்ந்த காலைச் சூடாக்க ஹீட்டருக்கு நெருங்கி உட்காரும் நேரத்தில் பாத்தி விரிந்து அதன்மேல் படுவது சுலபம்.

ஊன்ஸி என்பது பிசின், சர்க்கரை, வாசனை எண்ணெய்கள் சேர்த்துச் செய்யும் நறுமணத் தூபம். தப்காத் என்னும் தூபக்காலில் கரித்துண்டின் மேல் போட்டு, சாயங்காலம் வீட்டுக்கும் உடைக்கும் காட்டுவார்கள். குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் விளையும் நாடு அது. சனாக், பாரி மலைப்பகுதிகளில் குந்திரிக்க மரங்கள் பாறையிலேயே வேரூன்றி நிற்கும். அந்த மணம் கம்பளியில் நாள்கணக்கில் தங்கும், அடுத்த தடவை சால்வையை எடுக்கும்போது அதுவே தனிச் சுகம். ஆனால் குளிருக்காக ஜன்னலையெல்லாம் அடைத்த வீட்டில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மின்சாரத் தப்காத் வாங்கிவிடுங்கள். கரியில்தான் போட வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்துவைத்து, முடிந்ததும் கரியை வெளியே கொண்டுபோய் நீரூற்றி அணையுங்கள். புகை காட்டுவதற்காகத் தூபக்காலுக்கு மேல் பாத்தியை விரித்து நிற்கும் பழக்கத்தைப் பாலியெஸ்டர் துணியோடு ஒருபோதும் செய்யாதீர்கள். உடையைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டுத் தள்ளி நின்று காட்டலாம்.

பிள்ளை பெற்றவர்களுக்குப் பாத்தி ஏற்றதா?

அதைவிட ஏற்றது எனக்குத் தெரியாது. சோமாலி வழக்கத்தில் பிரசவத்துக்குப் பின் 40 நாள் தாய் வீட்டோடு இருப்பார். அஃபதன்பஹ் என்று சொல்வார்கள். உறவுப் பெண்கள் வந்து சமைத்து, வீட்டுக்கு வெள்ளைப்போளப் புகை போட்டு, பார்த்துக்கொள்வார்கள். வயிறு எந்த அளவில் இருந்தாலும் பாத்தி இறுக்காது, அறுவை செய்த தழும்பில் உரசாது. பால் கொடுக்க முன்பக்கம் ஜிப் வைத்தது வாங்கலாம், அல்லது இருக்கிற பாத்தியில் ஜிப் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். நானும் வைத்துக் கொடுக்கிறேன். குளிரில் பால் கொடுக்கும்போது மேல்முதுகுதான் முதலில் குளிரும். ஆகவே உள்ளே முன்பக்கம் திறக்கும் பருத்திச் சட்டை, முதுகில் கம்பளி கர்பசார். கரித்தூபம் மட்டும் குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம்.

வயதான அம்மாவுக்கு என்ன மாற்றம் செய்யலாம்?

அளவைக் குறைப்பதுதான் முதல் வேலை. விளிம்பு கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்க வேண்டும், கொர்கொரத் அதைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். வழுக்கும் சாட்டின் கரையும் கம்பளிக் காலுறையும் சேர்ந்தால் விழுவதற்கு வழி. ரப்பர் அடி வைத்த காலுறை கொடுங்கள். முதுமையில் குளிர் உடம்பைத் தாக்குவது உடனே உணரப்படாது, அதனால் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் அறையைப் பாருங்கள். வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மூத்தவர்களுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும்.

தமிழ்ப் பெண்கள் இதை உடுத்தினால் தவறாக எடுத்துக்கொள்வார்களா?

நான் பார்த்தவரை, பரிசாகக் கொடுத்த பாத்தியை நீங்கள் உடுத்தியிருப்பதைப் பார்த்தால் அந்தக் குடும்பத்துக்கு மகிழ்ச்சிதான். முறையாக உடுத்துங்கள், உள்ளே கொர்கொரத் கட்டுங்கள். அது இல்லாமல் மெல்லிய பாத்தியை உடுத்துவது அவர்கள் பார்வையில் அரைகுறை உடை. அவர்கள் வீட்டு ஆண்கள் முன்னால் வரும்போது கர்பசாரை எடுத்துப் போட்டுக்கொள்வதும் மரியாதை.

துவைப்பதும் காயவைப்பதும் எப்படி?

புதுப் பாத்தியை முதல் இரண்டு தடவை தனியாகக் குளிர்ந்த நீரில் அலசுங்கள், அடர் சிவப்பும் நீலமும் சாயம் விடும். பருத்தி முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும் என்பதால், நீளத்தைக் குறைக்க வேண்டுமானால் துவைத்த பிறகு தையல்காரரிடம் கொண்டுவாருங்கள். விஸ்கோஸை முறுக்கிப் பிழியாதீர்கள். துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, ஹேங்கரில் போடுங்கள். உலர்த்தும் இயந்திரத்தில் பாலியெஸ்டர் பாத்தியையும் கம்பளியையும் சேர்த்துப் போடக்கூடாது. மின்னூட்டம் ஏறிப் பின்னிக்கொண்டு வரும், கம்பளியும் சுருங்கிவிடும். லேஸ் வைத்த கொர்கொரத்தை வலைப்பையில் போட்டுத் துவைத்தால் கரை கிழியாது.

தைக்கக் கொடுப்பதானால் என்ன அளவு சொல்வது?

குளிர்காலப் பாத்திக்கு மூன்று மாற்றம் சொல்லுங்கள். கழுத்துத் திறப்பைக் கடைப் பாத்தியைவிட இரண்டு விரல் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். தலை நுழையப் பின்பக்கம் ஒரு சிறு பிளவும் பொத்தானும் போதும். மணிக்கட்டில் ரிப் பட்டை வைத்தால் கைவழியே காற்று ஏறாது, அடுப்பங்கரையிலும் பாதுகாப்பு. பக்கத் தையலில் ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள், கைக்குச் சூடும் போனுக்கு இடமும் கிடைக்கும். அகலத்தில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். துணி மிச்சமாகட்டும் என்று அகலத்தைக் குறைக்கச் சொல்லும் தையல்காரர்கள் உண்டு. குறைத்தால் தரையில் சம்மணமிட்டு உட்காரும்போது முழங்காலில் இழுக்கும், செருகிக்கொள்ளவும் துணி இருக்காது. துணி வாங்கப் போகும்போது நீங்கள் உடுத்தி வசதியாக இருந்த பழைய பாத்தி ஒன்றைக் கையோடு எடுத்துப்போய், அதையே அளவாகக் காட்டுங்கள்.